அழிந்த வரியும் இட்லித் தட்டும்

எழுபத்து நான்கு வயதில் வீடியோ கேம் ஆடினேன் என்று சொன்னால், காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கிற நண்பர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு இந்தக் கேம்தான் முதல் காரணம் என்று, காந்தி சிலையருகே தொடங்கி நடை முடியும்வரை விடாமல் பிரசங்கம் செய்தவன் நான்தான். ஒரு கேமைக்கூடப் பார்க்காமல் செய்த பிரசங்கம் அது. நேரில் பார்க்காததைப் பற்றிக் குறிப்பு எழுதக்கூடாது என்பது முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன ஜூலையில் பேத்தி வந்திருந்தாள். பதினாறு வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் பாரீஸுக்கு வடக்கே சார்செல் பக்கம். அந்த ஊரில் புதுச்சேரிக்காரர்கள் எவ்வளவு பேர் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு தம்பியோ மகளோ இருப்பார்கள். பேத்தியின் தமிழ் 'சாப்பிட்டேன்', 'வேணாம்', 'தூக்கம் வருது' என்ற அளவோடு சரி. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எங்கள் இருவருக்கும் பேச்சில் தடை கிடையாது. தடை இருந்ததெல்லாம் அவளுக்கும் அவள் ஆயாவுக்கும்தான். என் வீட்டுக்காரி பாகூர்ப் பக்கத்துப் பெண். பிரெஞ்சில் அவளுக்குத் தெரிந்தது 'மெர்சி' ஒன்றுதான். ஆறு வருடங்களுக்கு முன்பு அவள் போய்ச் சேரும்வரை, ஒவ்வொரு விடுமுறையிலும் நான் இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொண்டிருந்தேன்.

வந்த மூன்றாம் நாள் மத்தியானம், வெயிலில் வெளியே போக முடியாமல் இருந்தபோது, கையடக்கமான ஒரு கருவியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நிண்டெண்டோ ஸ்விட்ச் என்று பெயராம். "தாத்தா, இது தமிழ் கேம்" என்றாள் பிரெஞ்சில். தமிழில் ஏதம்மா கேம் என்றேன். திரையைக் காட்டினாள். நீலச் சேலை, சிவப்பு ரவிக்கை என்று பளிச்சென்ற நிறங்களில் எதையோ எதிர்பார்த்தேன். தெரிந்தது ஒரு சமையலறை. அடுப்பு, பாத்திரம், அம்மிணி ஒருத்தி. கேமின் பெயர் 'வெண்பா'.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் நான் மனப்பாடம் செய்ததெல்லாம் லா ஃபோன்தேன் கதைப்பாட்டுகளும், அடிக்குப் பன்னிரண்டு அசை எண்ணி எழுதுகிற அலெக்சாந்திரனும்தான். வெண்பா என்று ஒன்று உண்டு என்பதே, வேலையில் சேர்ந்த பிறகு தமிழ்த் தேர்வுக்காக ஒரு புலவரிடம் மாலை வேளைகளில் படித்தபோதுதான் தெரிந்தது. ஈற்றடிக்கு மூன்று சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒரு வாய்பாட்டில் முடிய வேண்டும், நடுவில் தளை தட்டக்கூடாது. எனக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பெயர் ஐம்பது வருடம் கழித்து ஒரு விளையாட்டுக் கருவியில் வந்து நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இதைச் செய்தவர்கள் கனடாவின் டொரோண்டோவில் இருக்கிற 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் குழு. முதன்மையாக இதை வடிவமைத்தவர் அபி என்பவர்; தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் கனடா போனவர். படங்கள் சாம் எல்கானா. 2023 ஜூலை 31இல் வெளியானது. 'இண்டி கேம்' என்றாள் பேத்தி. இந்தியாவோ என்று நினைத்தேன், அப்படியில்லை. பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துக் கோடிகளைக் கொட்டிச் செய்கிற கேம் ஒரு வகை. நாலைந்து பேர் சேர்ந்து, தங்களுக்குத் தோன்றியதைத் தங்கள் இஷ்டப்படி செய்வது இந்த இண்டி. நம் காலத்தில் லட்சம் பிரதி விற்ற வாரப்பத்திரிகைகளுக்கு நடுவே சிற்றிதழ்கள் வரவில்லையா, அதுமாதிரி. ஆனால் நம் சிற்றிதழ்களுக்குக் கிடைக்காத யோகம் இதற்குக் கிடைத்திருக்கிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான விருது. அதே வருடம் அமெரிக்காவில் சுயாதீனக் கேம்களுக்கென்று நடக்கிற விழாவில் பெரும்பரிசு.

கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் தமிழ்நாட்டை விட்டுக் கனடாவுக்குப் போய்க் குடியேறியவர்கள். அவள் ஊரில் ஆசிரியையாக இருந்தவள். அங்கே அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு பிள்ளை பிறக்கிறான். பெயர் கவின். அப்பா, அம்மா பெயரிலெல்லாம் பாட்டும் புலமையும் இருக்க, பையன் வளர வளரத் தமிழைக் கூச்சமாக நினைக்கிறான். இவ்வளவுதான் கதை. சுடுவது, துரத்துவது, மதில் ஏறிக் குதிப்பது எதுவும் கிடையாது. நாம் செய்ய வேண்டியது சமையல்.

அந்தச் சமையலில்தான் புதிர். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கின்றன. பாதிக் குறிப்புதான் படிக்க முடியும். மீதியை நாம் யோசித்துக் கண்டுபிடித்துப் பதார்த்தத்தைச் செய்து முடிக்க வேண்டும். 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று பரீட்சையில் வருமே, அதை அடுப்பில் வைத்தமாதிரி.

முதல் பரீட்சை இட்லி. இட்லியில் என்ன புதிர் என்று அலட்சியமாக இருந்தேன். பேத்தி கருவியை என்னிடம் கொடுத்து, "நீங்களே செய்யுங்க" என்றாள். மாவு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, தட்டுகள் இருக்கின்றன. தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற இடத்தில் புத்தகம் பாதியில் நிற்கிறது. நான் கைக்கு வந்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். இட்லி கெட்டது. மறுபடி போட்டேன். மறுபடி கெட்டது. அந்தக் கருவியின் பொத்தான்கள் என் விரலுக்குச் சின்னவை என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன். பேத்தி விடவில்லை. "தாத்தா, நீங்க தினமும் சாப்பிடறீங்களே?" என்று கேட்டாள். அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடம், வாரத்துக்கு நாலு நாள் இட்லி. எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பானை எங்கள் வீட்டு அடுப்பில் ஏறி இறங்கியிருக்கும்! அது எப்படி அடுக்கப்படுகிறது என்று ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. தட்டில் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது காலை இட்லி எனக்குத் தெருமுனைக் கடையிலிருந்து பொட்டலமாக வருகிறது. அதனால் பானை பரணில் கிடந்தது. பேத்தி ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினாள். தூசி தட்டிக் கூடத்துத் தரையில் தட்டுகளை வைத்து, இரண்டு பேரும் குழந்தை மரச்சொப்பு வைத்து ஆடுவதுபோல ஆடினோம். குழிக்கு நேரே குழி வந்தால் மேல் தட்டின் அடிப்பாகம் கீழ்த் தட்டு இட்லியை நசுக்கும். கொஞ்சம் திருப்பி வைத்தால் மேல் குழி கீழ்த் தட்டின் இடைவெளியில் உட்காருகிறது; ஆவி போகத் துளைக்கும் வழி விடுகிறது. பாத்திரக்காரன் அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறான். அதைக் கையால் பார்த்த பிறகு கேமில் ஆவி மேல்தட்டு வரை ஏறுகிற மாதிரி அடுக்கினோம். இட்லி வெந்தது. பேத்தி கைதட்டினாள். நான் பரணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் அதிக காலம் வேலை பார்த்தது பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளோடு. எல்லாம் பிரெஞ்சுக் கையெழுத்து. இறகுப் பேனா வளைவுகள். 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு ஆன பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்று வைத்தார்களே, அந்த ஆறு மாதத்தின் வால் என் மேசையில் முப்பது வருடம் ஆடிக்கொண்டிருந்தது. சொல்தா வீட்டுப் பிள்ளைகள், பேரன்கள், யார் யாருடைய தாத்தா எந்த ஊரில் எந்த வருடம் பிறந்தார் என்ற ஒரு காகிதத்துக்காக வருவார்கள். கரையானும் கடல்காற்றும் அவர்களுக்கு முன்பே வந்திருக்கும். எழுத்து இல்லாத இடத்தில் நாங்கள் எழுதவேண்டிய சொல் ஒன்றுதான்: 'இல்லிசீப்ல்'. படிக்க இயலவில்லை. ஊகித்து எழுதுவது குற்றம். அந்தச் சட்டம் சரியானது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எழுத்தர் ஊகிக்க ஆரம்பித்தால் ஊரில் யார் சொத்து யாருக்கு மிஞ்சும்?

எண்பதுகளில் ஒரு அம்மாள் வந்தார். அவர் அப்பாவின் பிறப்புப் பதிவில் தாயார் பெயருக்கு நடுவில் கரையான் பாதை போட்டிருந்தது. தொடக்கத்தில் 'ம', முடிவில் 'அம்மாள்'. நடுவே ஓட்டை. மங்கையம்மாளா, மரகதம்மாளா? "என் ஆயா பேரு மரகதம் சார், எங்க தெருவுக்கே தெரியும்" என்றார். ஓட்டையின் அகலத்தைப் பார்த்தால் எனக்கும் மரகதம் என்றுதான் பட்டது. எழுதினேன்: இல்லிசீப்ல். அதற்குப் பிறகு அவர் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு திரும்ப வந்தபோது அவர் தலை நன்றாக நரைத்திருந்தது. என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்காருங்கள் என்று நான் சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை.

இந்தக் கேமில் அதற்கு நேர் எதிர். ஓட்டையை நிரப்பினால்தான் அடுத்த பக்கம். தப்பாக நிரப்பினால் இட்லி கெடும், அவ்வளவுதான். மறுபடி செய்யலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். அபராதம் கிடையாது, மதிப்பெண் குறையாது. ரொம்பத் தடுமாறினால் சின்னக் குறிப்பும் கொடுக்கிறது. பரம்பரை பரம்பரையாகச் சமையலறையில் பெண்கள் இப்படித்தானே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்? கெடுத்து, திட்டு வாங்கி, மறுநாள் மறுபடி. என் மாதிரி ஆட்களுக்குத்தான் அது தெரியாது. எழுத்தில் இருப்பது மட்டுமே உண்மை என்று பழகிவிட்டோம். அந்தக் கிழிந்த புத்தகத்தில் எழுத்தாக இருப்பதைவிட அதிகமாகத் தட்டின் குழியிலும் பானையின் விளிம்பிலும் இருக்கிறது. இதை ஒரு விளையாட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

அடுத்து புட்டு. புட்டுக் குழலுக்குள் எது முன்னே, எது பின்னே என்று ஒரு வழி கண்டுபிடித்தோம். இதில் பேத்தி என்னைவிட வேகம். பிறகு பிரியாணி. நடுநடுவே வெண்பா சமைக்கும்போது ரேடியோ பாடுகிறது. ஆல்ஃபா சம்திங் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ஒருவரின் இசை. பாட்டெல்லாம் இதற்கென்றே புதிதாகச் செய்தவை. ஆனால் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் வாடை அப்படியே. ஒன்றைக் கேட்டதும், 'இது எந்தப் படம்?' என்று யோசித்து யோசித்துத் தோற்றுப்போனேன். எந்தப் படமும் இல்லை என்று பேத்தி சொன்ன பிறகுதான் விட்டேன்.

இனி என் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டிக்கொண்டே போனால் யாரோ காசு கொடுத்தார்கள் என்பீர்கள்.

முதலாவது, இது மிகவும் சின்னது. ஒன்றரை மணி நேரத்தில் பழகிய ஆள் முடித்துவிடலாம். எனக்கு ஐந்து நாள் ஆனது வேறு விஷயம். வருடங்கள் தாவுகின்றன, நேற்று தவழ்ந்த பையன் இன்று மீசையோடு நிற்கிறான். அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார விட்டிருக்கலாம் என்று தோன்றியது. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களுக்கு வருடங்கள் இப்படித்தான் தாவுகின்றன என்று மகள் போனில் சொன்னாள். இருக்கலாம். ஆனாலும் என் குறை குறைதான்.

இரண்டாவது, ஒவ்வொரு புதிருக்கும் விடை ஒன்றுதான். இது எனக்கு ஒப்பவில்லை. முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மீன்குழம்பும் வம்பாக்கீரப்பாளையத்தில் ஒரு வீட்டு மீன்குழம்பும் ஒன்றா? ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டிலேயே ஒன்றில்லை. நிஜப் புத்தகத்தின் ஓட்டைக்கு மூன்று விடை இருக்கும். மூன்றும் சரியாக இருக்கும். மூன்று பேரும் மற்ற இரண்டு பேரையும் ஏற்கமாட்டார்கள். அதைக் கேமில் கொண்டுவருவது கஷ்டம் என்று பேத்தி வக்காலத்து வாங்கினாள்.

மூன்றாவது குறையைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா தெரியவில்லை. புத்தகம் அம்மாவுடையது, அடுப்பு வெண்பாவுடையது, கவலையும் அவளுடையது. பாவலன் நல்ல மனிதன். வேலை தேடி அலைகிறான், உழைக்கிறான், பெண்டாட்டியிடம் அன்பாகப் பேசுகிறான். ஆனால் அந்தப் புத்தகத்தின் அழிந்த வரி என்ன என்று அவனைக் கேட்டால் அவனுக்கும் தெரியாது. அவனை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேமைச் செய்தவர்களிடம் கேட்கத் தோன்றியது. கேட்டால், நீங்கள் யார் ஐயா என்று திருப்பிக் கேட்பார்கள்.

நான்காம் நாள் ஒரு கட்டம் வந்தது. வளர்ந்த கவின் தானே அந்தப் புத்தகத்தை வைத்துச் சமைக்கப் பார்க்கிறான். இப்போது எழுத்து அழிந்திருப்பது மட்டும் பிரச்சினையில்லை. இருக்கிற எழுத்தே அவனுக்குச் சரியாகப் படிக்க வரவில்லை. பாதி புரிகிறது, பாதி நழுவுகிறது. அதுவரை கலகலவென்று ஆடிக்கொண்டிருந்த பேத்தி அமைதியானாள். கருவியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஆயாகிட்ட புத்தகம் இருந்ததா?"

இருந்தது. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. நாங்கள் வீட்டில் 'கயே' என்றே சொல்வோம். அலமாரியில் அவள் சேலைகளுக்கு அடியில் அது இருப்பது எனக்குத் தெரியும். இந்த ஆறு வருடத்தில் நான் திறக்கவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். பேத்தியால் ஒரு எழுத்துப் படிக்க முடியாது. நான் படித்தேன், பிரெஞ்சில் சொன்னேன். பழைய நாற்காலியில் பழையபடி உட்கார்ந்தேன் என்று வையுங்கள், ஒரு பக்கத்து ஆள் மட்டும் இல்லை.

நாலாவது பக்கமோ ஐந்தாவது பக்கமோ, தாளிப்பு வடகம். இதைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் இடித்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பல நாள் வெயிலில் காயவைக்கிற நம் வடகம்தான், பிரான்சில் 'வதுவான்' என்ற பெயரில் பொடியாகப் பாக்கெட்டில் விற்கிறது. பெரிய ஓட்டல் சமையல்காரர்கள்கூடப் போடுகிறார்களாம். பேத்திக்கு வதுவான் தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் பார்த்திருக்கிறாள். அது ஆயா வீட்டு மொட்டை மாடியில் முறத்தில் காய்ந்துகொண்டிருந்த கறுப்பு உருண்டைதான் என்று தெரியாது. சொன்னதும், "அந்த வாசனை!" என்றாள்.

பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். வெங்காயம் இரண்டு கிலோ. உளுந்து ஒரு ஆழாக்கு. கடுகு அரை ஆழாக்கு. வெந்தயம்… அந்த இடத்தில் எண்ணெய்க் கறை. விளக்கெண்ணெய்க் கைவிரல் பட்டு மை பரவி, அளவு கரைந்துபோயிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். என்னை அறியாமல் வாயில் வந்தது: "இல்லிசீப்ல்."

பேத்தி சிரித்தாள். "அப்போ நிரப்புவோம்" என்றாள்.

வெந்தயம் அதிகமானால் கசக்கும், குறைந்தால் வடகத்துக்கு மணமே வராது என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார்கள். எவ்வளவு என்று கேட்டேன். "கண்ணளவுதாண்ணே" என்றார்கள். மகளுக்குப் போன் போட்டால் அவள் ஒரு அளவு சொன்னாள். என் தங்கை வேறு அளவு சொன்னாள். இரண்டு பேருமே அண்ணியோடு உட்கார்ந்து, அம்மாவோடு உட்கார்ந்து இடித்தவர்கள். பெரிய மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் வாங்கிவந்து, கிலோக் கணக்கில் வேண்டாம் என்று இரண்டு சிறு பங்காகச் செய்தோம். ஒன்றில் மகள் அளவு, இன்னொன்றில் தங்கை அளவு. வெங்காயம் உரித்தது நான். எழுபத்து நான்கு வருடத்தில் முதல் தடவை. வடகம் போடுகிற காலம் கத்திரி வெயில். நாங்கள் போட்டது ஆடியில். சாயங்காலம் மேகம் திரண்டால் போதும், கேமைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மாடிக்கு ஓடி முறத்தைத் தூக்கிவருவோம். முழங்கால் வலிக்கு அந்த இரண்டு வாரமும் லீவு கொடுத்திருந்தேன்.

தங்கை அளவு கசந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். மகள் அளவு சுமாராக வந்தது. ஒரு உருண்டையை உதிர்த்து எண்ணெயில் போட்டபோது, கூடத்தில் இருந்த நான் எழுந்து சமையலறை வாசல் வரை போய்விட்டேன். எதற்குப் போனேன் என்று பேத்தி கேட்கவில்லை. சாப்பிட்டுப் பார்த்தால் அவளுடைய வடகம் இல்லை. அதற்குச் சற்று முன்னால் நிற்கிறது. வெந்தயத்தை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பேத்திக்கு, கூட்ட வேண்டும் என்று படுகிறது.

பேரப்பிள்ளைகள் கையில் கேமைப் பார்த்தால் பிடுங்குகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். எல்லாக் கேமும் நல்லது என்று சொல்லமாட்டேன். என் பழைய பிரசங்கத்தில் பாதியை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. ராத்திரி இரண்டு மணி வரை சுட்டுக்கொண்டிருக்கிற பையன்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் என்ன ஆடுகிறாய் என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 'வெண்பா' என்றால் நீங்களும் ஒரு கை பாருங்கள். பொத்தான் சின்னது என்ற சாக்கு எடுபடாது. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் பேத்தி ஊருக்குப் போனாள். பெட்டியில் ஒரு பாட்டில் வடகம், துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, மறுபடி துணி சுற்றி. அப்படியும் பெட்டி முழுக்க வாசனை ஏறியிருக்கும். கேமில் கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி. அதைக் கிளம்புவதற்கு முந்தின இரவு எனக்குத் தெரியாமல் தனியாக ஆடி முடித்துவிட்டாள். காலையில் கண் சிவந்திருந்தது. விமானப் பயணக் கவலை என்று அவள் சொன்னாள். முடிவைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த ஜூலையில் கருவியைக் கொண்டுவருவாள், நானே முடித்துக்கொள்கிறேன்.

நோட்டை மறுபடி சேலைக்கு அடியில் வைக்கவில்லை. சமையலறை ஷெல்பில் வைத்திருக்கிறேன். வெந்தயத்துக்கு நேரே, எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், 'கால் ஆழாக்குக்குக் குறைவாக' என்று எழுதியிருக்கிறேன். பென்சிலில்.